முப்பத்திரண்டு முதல் நாற்பது வரை

— மெதுவாப் பேசுடி. இது லைப்ரரி.

— மெதுவாத்தான் பேசறேன். இந்தக் கட்டுரையில மூணாவது டேபிளைப் பாருங்கக்கா.

— நான் எழுதின ஆராய்ச்சிப் பேப்பரை எனக்கே காட்டறியா? நாளைக்கு ஜர்னல் கிளப் மீட்டிங்ல பி.ஜி. பசங்க எல்லார் முன்னாடியும் வாசிக்க வேற கட்டுரையே கிடைக்கலையா உனக்கு?

— அஞ்சாம் பேஷண்ட்ல இருந்து பதிமூணு வரைக்கும் கிட்னி டெஸ்ட் நம்பர். அப்புறம் முப்பத்திரண்டுல இருந்து நாப்பது வரைக்கும்…

— ஏன்டி இப்படி ஓடி வந்திருக்கே? வீட்டுல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?

— அதே வரிசைக்கா. ஒவ்வொண்ணுலயும் பாயிண்ட் ஒண்ணு மட்டும் கூட்டியிருக்கு.

— தற்செயலா இருக்கும்.

— ஒன்பது பேருக்கும் வரிசை மாறாமலா? காதுல பூ சுத்தாதீங்க.

— மூணு நிபுணர்கள் சரிபார்த்துத்தான் ஜர்னல்ல போட்டாங்க. அவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!

— அவங்க டேபிளைப் பார்த்தாங்க. பேஷண்டையா பார்த்தாங்க?

— சரி… என்ன வேணும் உனக்கு? புரொபசர்கிட்ட போட்டுக் கொடுக்கப் போறியா?

— இந்த மருந்தை ரெட்டை டோஸ் போட்டும் நாப்பது பேர்ல ஒருத்தர் கிட்னிக்கும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஒன்பது பேர் இருந்தாங்களா, இல்லையா?

— பேப்பர் அச்சாகலைன்னா பரீட்சைக்கு உக்கார விடமாட்டாங்கடி. எங்கப்பா மூட்டை தூக்கறவரு… உனக்குத் தெரியாதா?

— எங்க வீட்டுல மட்டும் கலெக்டரா இருக்காங்க? இருந்தாங்களா, இல்லையா?

— முதல்ல அந்தப் பேப்பரை மடிச்சு வைடி.

— சொல்லித் தொலைங்கக்கா!

— இருந்தாங்க.

— அப்போ அவங்க நம்பர் எங்கே?

— அவங்களுக்குத் தாங்கலை. நாலாம் நாளே கிட்னி படுத்துருச்சு. ரெண்டு பேரு… கெட்ட ரிசல்ட்டை எவன் அச்சுல போடுவான்? அதான் அவங்களை எடுத்துட்டு… பழைய வரிசையையே…

— ரெண்டு பேரு என்ன ஆனாங்க?

— போயிட்டாங்க.

— ஐயோ…

— யார்கிட்டயும் சொல்லிடாதே. உன் கால்ல வேணா விழறேன். வெறும் பேப்பர்தானே? அதைப் பார்த்து எவன் மருந்து போடப் போறான்?

— நான் போட வெச்சேன். வார்டு டாக்டர் டோஸ் அதிகம்னுதான் சொன்னாரு… உங்க பேப்பரை அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டி அடம்பிடிச்சேன். இப்போ டிரிப்பை நிறுத்திட்டுத்தான் ஓடி வரேன். இன்னிக்கு நாலாம் நாள்க்கா. காலையில இருந்து எங்கம்மாவுக்கு ஒரு சொட்டு மூத்திரம் இறங்கலை.