ஒடெஸா யார் பக்கம்

ரோஸலின் கேக்கப் போறா. மூணு மாசமா போன்ல சுத்திச் சுத்தி வந்தா, இன்னிக்கு நேர்லயே என் பார்லருக்கு வந்து நாற்காலியில உக்காந்துட்டா. முடி நேராக்குற கிரீம் பாதித் தலைக்கு ஏறியாச்சு. இனிமே கழுவி விடுற வரைக்கும் அவளால எந்திரிச்சுப் போக முடியாது. ஆனா வேடிக்கையைப் பாரு, சீப்பைக் கையில புடிச்சுக்கிட்டு ஓட வழியில்லாம நிக்கிறது நான்.

— நான் என்ன சொல்றேன்னா ஒடெஸா, ரெண்டே நிமிஷம். மேடை கூடக் கிடையாது. நாளைக்கு ஆராதனை முடிஞ்சு, சர்ச் கூடத்துல சாப்பாட்டுக்கு உக்காருறதுக்கு முன்னாடி, கவர்னர் பக்கத்துல எந்திரிச்சு நின்னு, 'என் ஆதரவு கவர்னர் ஹோல்கமுக்கு'ன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

— தலையைக் குனி, ரோஸ். காதுல படும்.

— நான் பேசிக்கிட்டு இருக்கேன்டி.

— பேசிக்கிட்டே குனி. எரிஞ்சா சொல்லு.

— எரியல.

— யாரு பொண்ணுங்களா கவர்னர்? நம்ம ஊருக்கா வர்றாரு?

— மிஸ் ஐனெஸ், டிரையருக்கு வெளிய தலையை நீட்டாதீங்க. இன்னும் காயல. ஆமா, நாளைக்கு வர்றாரு. ஜனாதிபதித் தேர்தலுக்கு நம்ம கட்சி சார்பா நிக்கணும்னு ஆசைப்படுறவரு. அடுத்த சனிக்கிழமை நாமதான் ஓட்டுப் போட்டு யாருன்னு சொல்லணும். ரோஸலின் அவருக்காகத்தான் வேலை பாக்குறா.

— அவரு போர்டு எங்க வீட்டு வாசல்ல இருக்கே. அந்த செனட்டரம்மா போர்டும் இருக்கு. மூணாவதா ஒருத்தர், பேரு வாயில நுழைய மாட்டேங்குது, அவருதும் இருக்கு.

— மூணு பேரோடதும் நட்டு வச்சிருக்கீங்களா மிஸ் ஐனெஸ்?

— வந்து கேட்டாங்களே ரோஸலின். குளிர்ல நின்னு கேக்குற புள்ளைங்களை இல்லைன்னு அனுப்பினா ஆண்டவர் என்ன நினைப்பாரு.

— சரி, உள்ள போங்க. பத்து நிமிஷம் இருக்கு... பாத்தியா ரோஸ். இதான் உன் தென் கரோலினா. இதை எந்த கம்ப்யூட்டர்ல ஏத்துவீங்க?

— ஏத்தத்தான் செய்யறாங்க. பாஸ்டன்லேர்ந்து மேடலின்னு ஒரு பொண்ணு வந்திருக்கா. இருபத்தாறு வயசு. வந்த அன்னிக்கே, இந்த மாவட்டத்துல யார் யாரோட ஆதரவு வேணும்னு கேட்டா. நாப்பது பாஸ்டருங்க பேரு, ரெண்டு மேயரு, ஒரு ஷெரிஃப், எல்லாம் எழுதி வச்சிருந்தா. நான் சொன்னேன், கேளு, பாஸ்டருங்க யாரு வந்து கேட்டாலும் ஜெபம் பண்ணிட்டு கையெழுத்துப் போடுவாங்க. வீட்டுக்குப் போனதும் பாஸ்டர் சம்சாரம் சொல்ற ஆளுக்குத்தான் போடுவாங்க. அந்தச் சம்சாரம் ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி ஒடெஸா கடையிலதான் உக்காந்திருக்கும்னு. அவ பேனாவைக் கீழ வச்சுட்டா.

— நல்லாத்தான் வித்திருக்க என்னை.

— விக்கலடி. உள்ளதைச் சொன்னேன். முதல்ல ஓட்டுப் போட்ட ரெண்டு மாநிலம், அயோவாவுல அடி, நியூ ஹாம்ப்ஷயர்லயும் அடி. இங்கயும் விழுந்தா அவரு மூட்டை கட்டிக்கிட்டுப் போக வேண்டியதுதான். நானும்தான்.

— பாஸ்டர் சம்சாரம்னு சொல்லவும் ஞாபகம் வந்துச்சு. காலையில அவங்க போன் பண்ணினாங்க.

— எதுக்கு?

— 'உன் முகம் ரொம்ப அழகா விழுந்திருக்கு ஒடெஸா'ன்னாங்க. என்ன முகம், எதுல விழுந்திருக்குன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுட்டு, 'தன்னடக்கத்தைப் பாரு'ன்னு சொல்லி வச்சுட்டாங்க. தலையைத் தூக்காத. இன்னும் பின்பக்கம் இருக்கு.

— பின்பக்கத்தைச் சீக்கிரம் முடி.

— பேச்சை மாத்தாத, ரோஸ். எதுல விழுந்திருக்கு என் முகம்?

— விசிறி.

— என்ன விசிறி?

— கை விசிறி. சர்ச்ல வச்சிருப்போமே, அட்டையில குச்சி ஒட்டினது. ஒரு பக்கம் கவர்னர் படம். இன்னொரு பக்கம் உன் படம். உன் கடைத் திறப்பு விழாவுல நான் எடுத்தேன்ல, அது. கீழ 'ஒடெஸா ஃப்ரையர்சன் எங்கள் பக்கம்'னு போட்டிருக்கு. அறுநூறு அடிச்சு நேத்து சாயங்காலம் சர்ச்ல இறக்கிட்டாங்க.

— பிப்ரவரி மாசத்துல விசிறி.

— ஹீட்டர் போட்டா நம்ம மவுண்ட் நீபோ சர்ச் அடுப்பு மாதிரிதானே இருக்கும். நீயே சொல்லுவ.

— நம்ம சர்ச் விசிறியில இது வரைக்கும் வந்ததெல்லாம் பொணம் அடக்குற கம்பெனி விளம்பரம் ஒண்ணுதான். இப்ப நானா.

— கோவப்படு. திட்டு. ஆனா சீப்பை மெதுவா இழு.

— யாருகிட்ட நான் சரின்னு சொன்னேன்?

— டிசம்பர்ல மேடலின் உனக்குப் போன் பண்ணினா. நீ என்ன சொன்ன?

— 'ஆண்டவர் அனுமதிச்சா பாக்கலாம்மா'ன்னேன்.

— அதான். அவ 'ஆம்'னு குறிச்சுக்கிட்டா.

— அடிப் பாவி. அப்படிச் சொன்னா இங்க என்ன அர்த்தம்னு மூணு வயசுப் புள்ளைக்குத் தெரியும். என்னைப் பொண்ணு கேட்டு வந்த அந்த மர ஆலைக்காரனுக்கு எங்க அப்பா சொன்ன பதில் அது. அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கிட்டு, நன்றி சொல்லிட்டுப் போயிட்டான்.

— பாஸ்டன்ல அப்படி இல்ல போல.

— பாஸ்டன் பொண்ணுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? நீ அந்தக் குறிப்பைப் பாக்கவே இல்லையா?

— பாத்தேன்.

— பாத்தும்?

— பாத்தேன், ஒடெஸா. உன் பேருக்கு நேரா 'ஆம்'னு பச்சையில இருந்துச்சு. தப்புன்னு அப்பவே தெரியும். திருத்தல.

— ஏன்?

— முப்பது வருஷம் இந்தக் கட்சிக்கு உறை ஒட்டியிருக்கேன். நாற்காலி மடிச்சு அடுக்கியிருக்கேன். முட்டை அவிச்சுக் கொண்டுபோயிருக்கேன். ஒவ்வொரு நாலு வருஷத்துக்கும் ஒருத்தர் வருவாரு, என் கையைப் பிடிச்சு, 'நீங்கதான் இந்தக் கட்சியோட முதுகெலும்பு'ம்பாரு, அடுத்த நாள் விமானம் ஏறிடுவாரு. இந்த வாட்டிதான் பேருக்கு ஒரு பதவி கொடுத்து மேசையில உக்கார வச்சாங்க. அன்னிக்கு மேடலின், 'ஒடெஸா ஃப்ரையர்சன் நம்ம பக்கம், ரோஸலின் மூலமா வந்தது'ன்னு வாசிச்சா. பதினாலு பேரு. பதினாலு பேரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. கவர்னர் எந்திரிச்சு வந்து, ரோஸலின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டாரு. அந்த நேரத்துல, 'இல்லைங்க, அது எங்க ஊர்ல இல்லைங்கறதுக்குச் சொல்ற வார்த்தை'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்புறம் சொல்லிக்கலாம்னு நினைச்சேன். அப்புறம்னு ஒண்ணு வரவே இல்ல.

இவ இப்படி உண்மை பேசினா எனக்குக் கோவம் நிக்காது. எட்டாங்கிளாஸ்ல என் வெள்ளைக் காலணியைத் தொலைச்சுட்டு வந்து நின்னப்பவும் இதே குரல்தான். திட்டலாம்னு வாயைத் திறந்தா கை அவ கழுத்துல கிரீமைத் துடைச்சு விடுது.

— எரியுதா?

— லேசா. நெத்திக்கு மேல.

— இன்னும் நாலு நிமிஷம் இரு. நான் ஒண்ணு சொல்றேன், நடுவுல பேசாத. ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஜன்னல்ல ஒரு போர்டு வச்சேன், ஞாபகம் இருக்கா?

— பெல்டன். மாநில சட்டசபைக்கு, நம்ம கட்சிக்குள்ளயே நடந்த போட்டி. நீ வச்சதாலதான் ஜெயிச்சான்னு ஊரே சொல்லுச்சு.

— நான் வச்சதோட விடல. இந்த நாற்காலியில உக்காந்த ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன், நம்ம மாவட்ட ஆஸ்பத்திரியை இவரு மூட விட மாட்டாரு, என்கிட்ட கண்ணைப் பாத்துச் சொன்னாருன்னு. ரெண்டாவது வருஷம் மூடினாங்க. பக்கத்து ஆஸ்பத்திரிக்கு முப்பத்தெட்டு மைல்.

— அது அந்தாளு கையில இல்லைடி. மாநிலம் முழுக்க எத்தனை மூடினாங்க...

— நடுவுல பேசாதன்னேன்ல. கார்னீலியா சிம்ஸைத் தெரியும் உனக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வருவா. அவ வீட்டுக்காரரு லீமனுக்குப் பக்கவாதம் வந்தப்ப, ஆம்புலன்ஸ் அந்த முப்பத்தெட்டு மைலும் போக வேண்டியதாப் போச்சு. உயிரு இருக்கு. பேச்சு போச்சு. சர்ச்ல பாட்டுக்குழுவுல அடிக்குரல் பாடுவாரே, அவரு.

— தெரியும்.

— கார்னீலியா ஒரு வெள்ளிக்கிழமை தவறல. என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஒரு நாள் தலை கழுவிக்கிட்டு இருக்கேன், கண்ணை மூடிப் படுத்திருக்கா. மழை வரும் போலிருக்குன்னு சொல்ற மாதிரி சொன்னா, 'லீமன் அந்த இன்னொருத்தருக்குத்தான் போடறதா இருந்தாரு ஒடெஸா. நீ சொன்னேன்னு நான் போய்ச் சொன்னேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்திப் போட்டாரு.' அவ்வளவுதான் சொன்னா. தண்ணி ரொம்பச் சூடா இருக்குன்னா அப்புறம்.

— குத்திக் காட்டியா சொன்னா?

— இல்ல. அப்படிச் சொல்லியிருந்தா நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடிச்சிருப்பேன். அவ சும்மா சொன்னா. என் கை தண்ணிக்குள்ள நின்னு போச்சு.

— ஆஸ்பத்திரியை நீ மூடல, ஒடெஸா.

— தெரியும். எல்லாரும் சொல்லிட்டாங்க, நானும் எனக்குச் சொல்லிக்கிட்டேன். ராத்திரி படுத்தா எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வர்றதில்ல. என் பேரைக் கேட்டுட்டு லீமன் தலையாட்டியிருப்பாருல்ல, அதுதான் வருது.

— அதனாலதான் அப்புறம் ஜன்னல் காலியா இருக்கா. நான் கடை அலங்காரத்துக்காக எடுத்துட்டேன்னு நினைச்சேன்.

— வா, பேசின்ல படு. கழுவணும். கழுத்தை நல்லா பின்னால சாய்.

— பொண்ணுங்களா, சத்தம் நின்னுபோச்சு. காஞ்சிடுச்சா பாருங்க.

— வர்றேன் மிஸ் ஐனெஸ், ஒரு நிமிஷம். கரன்ட் போகல, மெஷின் தானா நிக்கும்... சூடு சரியா இருக்கா, ரோஸ்?

— இருக்கு. நான் ஒண்ணு கேக்கலாமா? கோவப்படாம சொல்லு.

— கேளு.

— எங்களை எதிர்த்து நிக்கிற அந்த லாங்ஃபோர்ட் போன வாரம் இங்க வந்திருந்தாளாமே.

— செனட்டரம்மா வந்தாங்க. இதே நாற்காலியில உக்காந்தாங்க. நல்ல பொம்பளை. எங்க அம்மாவைப் பத்திக் கேட்டாங்க. யாரோ எழுதிக் கொடுத்திருக்கணும், ஆனாலும் கேட்டாங்க. ஒரு கேக்கு கொண்டு வந்தாங்க, கடையில வாங்கினது. மிஸ் ஐனெஸ் ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, வெண்ணெய் பத்தலன்னாங்க.

— ஆண்டவர் சாட்சியா பத்தல.

— உங்களுக்கு இதெல்லாம் மட்டும் காதுல விழுது.

— நீ அவங்களுக்கு என்ன சொன்ன, ஒடெஸா?

— உன் மேடலினுக்குச் சொன்னதையேதான்.

— அவங்களும் 'ஆம்'னு குறிச்சிருப்பாங்க.

— அவங்க ஜார்ஜியாக்காரங்க. நன்றி சொல்லிட்டு எந்திரிச்சுட்டாங்க.

— இப்பவும் சிரிக்க வைக்கிற. கேளு, எனக்கு ஒண்ணும் புரியாம இல்ல. நீ அவங்க பக்கம்னா சொல்லிடு. பொம்பளை, நம்ம பக்கத்து மாநிலம், நம்மளை மாதிரி பேசுறாங்க. நான் பொறாமைப்பட மாட்டேன். முப்பத்தேழு வருஷ சிநேகிதத்தை, கட்சிக்குள்ள நடக்குற ஒரு ப்ரைமரி ஓட்டு ஒண்ணும் பண்ணாது. ஆனா கார்னீலியா, லீமன்னு சொல்லி என்னை அழ வச்சுட்டு, அடியில காரணம் லாங்ஃபோர்டா இருந்தா, அதுதான் எனக்கு வலிக்கும்.

— கண்ணை மூடு. நுரை போகும்.

— மூடிட்டேன். பதில் சொல்லு.

— விசிறியை என்ன பண்ணப் போற?

— தெரியல. இப்பவே போய்ப் பெட்டியோட எடுத்துடுவேன். பாஸ்டர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். மேடலின்கிட்டயும் சொல்லணும். கவர்னர்கிட்டயும். 'அது என் தப்பு, அவங்க சரின்னு சொல்லவே இல்ல'ன்னு. அதைச் சொல்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அப்புறம் அந்த மேசையில எனக்கு இடம் இருக்குமான்னும் தெரியல.

— நீ கூட்டிக்கிட்டு வர்றவருக்குப் பக்கத்துல நான் நிக்கலைன்னா, உன்னை வேலையை விட்டு அனுப்பிடுவாரா?

— அவரு அனுப்ப மாட்டாரு. நல்ல மனுஷன். கூட இருக்குறவங்க அடுத்த கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட மறந்துடுவாங்க. அவ்வளவுதான். எனக்குப் பழக்கம்தான்.

— அப்படிச் சொல்லாத.

— வேற எப்படிச் சொல்றது? உன்னை இனிமே எந்திரிச்சு நிக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன். சத்தியமா. எனக்காக மட்டும் ஒண்ணு சொல்லு. இந்தத் தண்ணிச் சத்தத்துல மிஸ் ஐனெஸுக்குக் கூடக் கேக்காது. சனிக்கிழமை நீ யாருக்குப் போடப் போற?

— உன் ஆளுக்குத்தான்டி. நவம்பர்லயே முடிவு பண்ணிட்டேன். நாளைக்கு நான் எப்பவும் உக்காருற இடத்துல உக்காந்திருப்பேன், ரோஸ். எந்திரிக்க மாட்டேன்.