நாகம்மா கேட்ட கடைசி வாரம்

சங்கு சத்தம்மா. ரயில் இல்ல. அம்பத்தூர் எஸ்டேட்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஊதுவான் பாரு, அந்தச் சங்கு. உனக்கு எங்க தெரியப் போவுது, நீ அப்போ பொறக்கவே இல்ல. முதல்ல ஒரு கம்பெனி ஆரம்பிக்கும், அதைக் கேட்டு இன்னொண்ணு, அப்புறம் இன்னொண்ணு, மாடுங்க ஒண்ணைப் பாத்து ஒண்ணு கத்துற மாதிரி. கடைசிச் சங்கு இழுத்துக்கிட்டே போயி அடங்கும். அடங்கினதும் எங்க தெருவுல டயர் செருப்புச் சத்தம் சரக் சரக்னு கேக்கும். வெள்ளிக்கிழமை தவறாம. அதான் உங்க அத்தை. நாகம்மான்னு நீ வாசல்ல நின்னு பேர் சொன்னியே, எனக்கு அவ மூஞ்சி ஞாபகம் வரல. அந்தச் சங்குதான் வந்துது.

உக்காரு மதி. மதிவதனிதானே சொன்ன? நாகம்மாவோட அண்ணன் பொண்ணு. மூக்கு அப்படியே உங்கப்பா மூக்கு. கள்ளிக்குப்பத்துலேர்ந்து இந்தக் கோவில்பதாகைக்கு ரெண்டு ஷேர் ஆட்டோ மாறி வந்திருப்ப, தண்ணி குடி. பையனும் மருமகளும் ஆபீஸ் போயாச்சு. பகல் முழுக்க இந்த ஃப்ளாட்ல நானும் ஃப்ரிட்ஜும்தான் பேசிக்கிட்டிருப்போம்.

பத்திரிகையில வந்த அந்தத் தொடர்கதைப் புஸ்தகமா? அது இல்லம்மா. கரையான் அரிச்சுடுச்சு. எப்பவோ.

வேற தரேனே. நல்ல கதையா, பெரிய எழுத்துல... அதேதான் வேணுமா அவளுக்கு. சோறு எறங்காம படுத்த படுக்கையா கிடக்கறவளுக்கு, கேக்கறதுக்கு அந்தக் குப்பைதானா கிடைச்சுது?

ஆமா, குப்பைதான். இன்னிக்கு அதுக்கு மரியாதையா கிளாசிக்னு பேரு. இந்த ஃப்ளாட்லயே ஞாயித்துக்கிழமை ஒரு கூட்டம் கூடி, கிராமத்துக் காதல், கடல் கடந்த சாகசம்னு ஆளாளுக்கு உருகறாங்க. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை பாக்கற பசங்க, பாவம். என்னையும் கூப்பிட்டாங்க. பாதியில எழுந்து வந்துட்டேன். நானும் ஒரு காலத்துல உருகினவதான். பி.ஏ. இலக்கியம், எங்க தெருவுல முதல் பி.ஏ. அதனாலதான் சொல்றேன், உள்ள இருந்தவளுக்குத்தான் நாத்தம் தெரியும்.

கதை தெரியுமா உனக்கு? செவ்வந்தின்னு ஒருத்தி. ஊர்க்கோடியில ஒரு கிணறு. திருமேனின்னு ஒருத்தன், அவன் கப்பலேறிப் போயிடறான். ஒரு வாரம் புயல், ஒரு வாரம் கொள்ளைக்காரன், ஒரு வாரம் நெருப்பு கக்கற மலை, ஒரு வாரம் மனுஷனைத் தின்னற கூட்டம். முத்து என்ன, பவளம் என்ன, தீவு ராஜா பொண்ணு என்ன. இவ? கிணத்தடியில நிக்கறா. அம்பத்திரெண்டு வாரம் மதி! ஒரு வருஷம் முழுக்க ஒரு பொண்ணைக் குடத்தோட நிக்க வெச்சான் அந்த எழுத்தாளன். அவனுக்கு ஏழு கடல், அவளுக்கு ஒரு கிணறு. அதைப் படிச்சு ஊரே அழுதுது. நாத்து நடறப்போ அவ பாடுவாளாம், கொக்கெல்லாம் ஒத்தக் கால்ல நின்னு கேக்குமாம். த்தூ. அவன் ஒரு நாள் சேத்துல எறங்கியிருப்பானா?

வாராவாரம் நான் படிச்சுக் காட்டறப்போ உங்க அத்தை அப்பவே கேட்டா. எஸ்டேட் வர்றதுக்கு முன்னாடி ஏரிக்குக் கீழ கூலிக்கு நாத்து நட்ட குடும்பம்தானே உங்களுது. இன்னாக்கா இது, குனிஞ்சு நட்டா இடுப்பு வுட்டுப் பூடும், இவளுக்கு மட்டும் பாட்டு எங்கேர்ந்துக்கா வருதுன்னா. அப்புறம், எப்பப் பாரு கெணத்தாண்டயே நின்னுகினு கீறாளே, இவ ஊட்ல வேலையே இல்லியாக்கான்னா. எங்கம்மா உள்ளேர்ந்து சிரிப்பாங்க. ஆனா அதே நாகம்மா, செவ்வந்தி அழற வாரத்துல மூக்கை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பா. எழுத்து ஒண்ணுகூடத் தெரியாது அவளுக்கு. போல்ட் கம்பெனியில மரை போடற மெஷின்ல வேலை. கை முழுக்க எண்ணெய். பத்திரிகையில கறை பட்டுடும்னு ரெண்டு கையையும் மடியில கவுத்து வெச்சுக்கிட்டுத்தான் கேப்பா. தொடவே மாட்டா.

எங்க பாக்கற? அலமாரியில அந்தச் சிவப்பு முதுகுப் புஸ்தகமா? அது வேற.

எழுந்து போகாதம்மா. மேல் தட்டு, தூசி... சரி, எடு. அதுதான். கரையான்லாம் இல்ல, பொய்தான் சொன்னேன். இந்த வயசுல பொய் சொன்னா மூஞ்சி காட்டிக் குடுத்துடுது. இருபத்தஞ்சுல அப்படி இல்ல.

குடு, மடியில வெச்சுக்கறேன். எங்கப்பா பண்ண வேலை இது. தொடர்கதை முடிஞ்சா வாராவாரம் வந்த பக்கத்தைக் கிழிச்சு அடுக்கி, ஆவடியில அய்யாசாமின்னு ஒரு பைண்டர், அவர்கிட்ட குடுத்துடுவார். அந்த மனுஷனுக்கும் படிப்பு கிடையாது. அடுக்கினது அடுக்கினபடி தெச்சு, ஓரத்தை வெட்டி, சிவப்புத் துணி ஒட்டித் தந்துடுவார். பாரு, இங்க பல்பொடி விளம்பரம். இது எங்கம்மா அடையாளத்துக்கு வெச்ச மளிகைச் சீட்டு, அதையும் சேத்துத் தெச்சிருக்கார். கப்பல் மூழ்குது, அடுத்த பக்கம் சீரகம் நூறு கிராம், கடுகு அம்பது. நடுவுல எது இருந்தாலும் அது புஸ்தகமாயிடும். பிக்கலாம்னு பாத்தா மொத்தத் தையலும் அவுந்துடும்.

வரதனைப் பத்தி உனக்குச் சொல்லியிருக்காளா?

ஹார்பருக்குக் கூட்டிட்டுப் போயி கப்பல் காட்டினாளா. எத்தனை வயசுல, ஆறா? இதுல ஏதோ ஒண்ணுலதான் மாமா வருவாருன்னு சொன்னாளா. போதும் மதி.

அவனும் அதே கம்பெனிதான், லேத்துல இருந்தான். பட்டாபிராம்ல யார் வீட்டுலயோ ஒண்டிக்கிட்டிருந்தான், அம்மா அப்பா இல்ல, அவனைப் பத்தி விசாரிக்கக்கூட ஒரு ஆள் கிடையாது. கப்பல்ல இஞ்சினுக்கு எண்ணெய் விடற வேலைன்னு போனான். லெட்டரெல்லாம் என் பேருக்குத்தான் வரும். ஏன்னா உங்கப்பா கண்ணுல பட்டா அவளை வெட்டிப் போட்டிருப்பாரு. கோச்சுக்காத, அப்போ அவர் அப்படி. நான் படிச்சுக் காட்டினதும் நாகம்மா, நீயே வெச்சுக்கக்கா, எங்க ஊட்ல வாணாம்பா. முதல்ல லெட்டர், அப்புறம் கதை. அதுதான் எங்க வெள்ளிக்கிழமை.

அவன் லெட்டர்ல என்ன இருக்கும்கற? கொழும்புல மழை. சிங்கப்பூர்ல வெய்யில். கால் வீங்கியிருக்கு, சாப்பாடு சரியில்ல. நாகம்மாவுக்குன்னு பாத்தா ஒரு வரி, நல்லா இருக்கவும். அதை அப்படியே படிச்சா அவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். அதனால நான் கொஞ்சம் சேத்துப் படிப்பேன். உன் நெனப்பாவே இருக்குன்னு ஒரு வரி. நிலாவைப் பாத்தேன்னு ஒரு வரி. வெறும் சோத்துல ஒரு சொட்டு நெய் விடற மாதிரி, அதுல என்ன தப்புன்னு இருந்தேன். நெய்க்கு எங்க போவேன்? இந்தப் புஸ்தகத்துலேர்ந்துதான்.

என்னது? என்ன சொல்றா? தூக்கத்துல கூடவா?

கடல் வத்தினாலும் என் சொல்லு வத்தாதுன்னா பொலம்பறா?

இன்னும் அதைச் சொல்றாளா. வரதன் எழுதினதுன்னு உனக்கும் சொல்லியிருக்காளா. அம்பது வருஷம் ஆகப் போவுதும்மா.

இரு, மாத்திரை போட்டுக்கறேன். ஒண்ணும் இல்ல, பிரஷர். உக்காரு.

மனோகரன்னு கேள்விப்பட்டிருக்கியா? மாட்ட. அதே கம்பெனியில சூப்பர்வைசர். பொண்டாட்டி செத்துப் போச்சு, குழந்தை இல்ல. சத்தமா பேசத் தெரியாத மனுஷன். கதை முடிஞ்சு நாலு மாசம் இருக்கும், பழம் வெத்தலையோட உங்க வீட்டுக்கே வந்து உங்கப்பாகிட்ட முறையா நாகம்மாவைக் கேட்டார். உங்கப்பாவுக்கும் சம்மதம்தான். அன்னிக்கு வெள்ளிக்கிழமைகூட இல்ல, ஓடி வந்தா. மூச்சு வாங்குது. யக்கா, அந்தப் பண்ணையார் மவன் பொண்ணு கேட்டு வந்தப்போ செவ்வந்தி இன்னாக்கா சொன்னா? மாட்டேன்னுதானே சொன்னா?

நான் ஆமான்னேன். மாட்டேன்னுதான் சொன்னா நாகம்மான்னேன். முப்பத்தோராவது வாரம், வேணும்னா எடுத்துப் பாத்துக்கோ, வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் இருக்கு. நான் சொன்னது உண்மை. அந்த உண்மையை நெனச்சாத்தான் எனக்கு என் மேலயே அருவருப்பா இருக்கு.

மனோகரன் அடுத்த வருஷம் வேற பொண்ணைக் கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருந்தார். நீ உங்களுக்காகத்தான் அத்தை கல்யாணம் பண்ணிக்கலன்னு நெனச்சிருப்ப. உன்னைப் படிக்க வெச்சா, உங்கப்பாவுக்கு வைத்தியம் பாத்தா. அதுவும் பொய் இல்ல. நின்ன இடத்துல சும்மா நிக்கத் தெரியாது அவளுக்கு. செவ்வந்தி மாதிரி குடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கல. மெஷினை ஓட்டிக்கிட்டே நின்னா.

அவன் லெட்டர் அப்புறம் வரவே இல்ல. நான் சமாதானம் சொல்லணும்னு வாயைத் திறக்கறதுக்குள்ள அவளே சொல்லிப்பா, அந்தத் திருமேனிகிட்டேருந்து பதினெட்டு வாரம் சேதியே இல்லியேக்கா, வர்ல? வந்தானேக்கா. எனக்குக் கல்யாணம் ஆச்சு, வேலூர் போயிட்டேன். அங்க ஸ்கூல்ல முப்பது வருஷம் தமிழ் டீச்சர். சொன்னா சிரிப்ப, எடுப்பா படிக்கறதுக்குப் பேர் போன டீச்சர்.

வந்து ஏன் பாக்கலன்னு கேக்கற. நியாயம். இங்க திரும்பி வந்து பதினோரு வருஷம் ஆச்சு, பஸ்ஸுல அரை மணி நேரம்கூட ஆகாது. ஒரு தரம் அம்பத்தூர் மார்க்கெட்ல பாத்தேன். கீரைக் கட்டைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு, இன்னாம்மா இது, தழையா கீது, மாட்டுக்குப் போடறதான்னு கடைக்காரிகிட்ட வம்பு பண்ணிக்கிட்டிருந்தா. தலை முழுக்க வெள்ளை. நான் தக்காளிக் கூடைங்களுக்குப் பின்னால போயி குனிஞ்சு நின்னேன். பி.ஏ. இலக்கியம்! அவ போற வரைக்கும் அழுகல் தக்காளி வாசனையை மோந்துக்கிட்டு நின்னேன்.

என்னது? ஃபோன்ல கடைசி வாரத்தை மட்டும் படம் எடுத்துக்கறியா. மூணு நாளா இதையேதான் கேக்கறாளா. திருமேனி வந்து எறங்கறதை ஒரு தடவை காதால கேட்டுட்டா போதுமா.

அதுலதாம்மா சிக்கலே. வேற எந்த வாரம் கேட்டாலும் கொடுத்திருப்பேன்.

கண்ணாடி வெச்சிருக்கியா? இந்தப் பக்கத்தைப் பாரு. படகுலேர்ந்து எறங்கறான், கிணத்தடிக்கு வர்றான். கீழேருந்து நாலாவது வரி. வாய் விட்டுப் படி.

ம். கடல் வற்றினாலும் என் சொல் வற்றாது. காத்திரு, வருவேன் என்று சொன்னேனே செவ்வந்தி.

வரதன் அதை எழுதல.

அழாத. கேளு. கதையோட கடைசி வாரமும் வரதன் லெட்டரும் ஒரே நாள் வந்துது. மதியானம் கதையைப் படிச்சு முடிச்சு நானே அழுதுட்டு உக்காந்திருந்தேன். சங்கு ஊதிச்சு. செருப்புச் சத்தம். மொதல்ல லெட்டர்க்கான்னு கையைக் கவுத்துக்கிட்டு உக்காந்தா. பிரிச்சேன். கண்ணு லெட்டரைப் படிச்சுது, வாயி இந்த வரியைச் சொல்லிச்சு. தேடக்கூட இல்ல, நாக்கு நுனியில இருந்துது. இன்னாக்கா, இவனும் கதையில வர்றவன் மாதிரியே பேசறான், கப்பலுக்குப் போனா எல்லாரும் இப்டித்தான் ஆயிடுவாங்க போல கீதுன்னு சிரிச்சா. முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் கதை படிச்சேன். இந்த வரி வந்தப்போ விட்டுட்டுப் படிச்சேன். ஒரே வரியை ரெண்டு பேர் சொல்ல முடியாதில்ல.

அடுத்த வெள்ளி சொல்லிடலாம்னு லெட்டரைப் பத்திரிகைக்குள்ள சொருகி வெச்சேன். புதன்கிழமை எங்கப்பா மொத்தத்தையும் ஆவடிக்கு எடுத்துட்டுப் போயிட்டார். பக்கத்தைப் புரட்டு. இந்த நீலக் காகிதம்தான். அய்யாசாமி ஓரம் வெட்டினதுல வரிக்கு ரெண்டு எழுத்து போயிருக்கு. ஆனா படிக்கலாம்.

எடுத்துட்டுப் போ. திருப்பித் தர வேணாம். அந்த வரியைப் படிக்கறதா, நீயும் விட்டுட்டுப் படிக்கறதா, நீதான் பாத்துக்கணும். எதைப் படிக்கணும்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல.

லெட்டரா? மொத்தமே நாலு வரி. எழுபத்தேழாம் வருஷம் வைகாசி மாசம், பினாங்குல, கப்பலுக்கு அரிசி போடற கடைக்காரரோட பொண்ணை வரதன் கல்யாணம் பண்ணிக்கிட்டான்.