பார்வையிடும் வரை கைவைக்கக் கூடாது

என் பெயர், தந்தையார் பெயர், அடையாள அட்டை எண் ஆகியவை முதல் தாளில் பதிவாகியுள்ளன. வயது 71. பேருந்துப் பணிமனைக்குப் பின்புறம், மூன்றாவது குறுக்குத் தெருவில் இடப்பக்கம் கடைசியாக உள்ள மாடிவீடு எனக்குச் சொந்தமானது. அந்தப் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். சீட்டு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூட நான் வெளியே விட்டதில்லை. அதனால் மெக்கானிக்குகள் எனக்குச் "சட்டம்" என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். மீதியை நானே படித்துக்கொண்டேன். எனவே இந்த வாக்குமூலத்தை எனக்கு யாரும் வாசித்து விளக்க வேண்டியதில்லை.

என் மனைவியின் தம்பி கொத்தனார் வேலை செய்பவர். அவர் என்மீது கொடுத்துள்ள புகாரைப் படித்தேன். விழும் நிலையில் இருந்த கூரைக்கு முட்டுக் கொடுக்க விடாமல் தடுத்து, என் மனைவியின் இடுப்பெலும்பும் இடது மணிக்கட்டும் முறிவதற்கு நான் காரணமாக இருந்தேன் என்பது புகார். நடந்ததை வரிசைப்படி சொல்கிறேன்.

என் வீட்டுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இன்சூரன்ஸ் உள்ளது. ஒரு தவணைகூடத் தவறியதில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் புயல் மழையில் சமையலறையின் பின்சுவர் விழுந்தது. அப்போது எனக்கு விவரம் தெரியாது. இரண்டே நாளில் இடிபாட்டை அள்ளி, சுவரை எழுப்பி, வெள்ளையும் அடித்துவிட்டு அதன் பிறகு இழப்பீடு கேட்டேன். வந்த மதிப்பீட்டாளர் புதுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு. இதுல எந்தச் சேதத்த நான் எழுதறது?" என்று கேட்டுவிட்டுப் போனார். இழப்பீடு வரவில்லை.

அதன் பிறகு நான் பாலிசியைப் படித்தேன். நாற்பத்திரண்டு பக்கம். பணி முடிந்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு மாதத்தில் முழுவதையும் ஒரு நோட்டில் என் கையால் எழுதி முடித்தேன். எதற்கு இழப்பீடு உண்டு என்பது நான்கு பக்கம். எதற்கு இல்லை என்பது ஒன்பது பக்கம். துரு, கறையான், நாள்பட்ட கசிவு, மோசமான கட்டுமானம், ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வீடு, இவை எல்லாம் அந்த ஒன்பதில் வரும். மீதியில் பாதி, பணம் கேட்பவன் என்னென்ன செய்திருக்க வேண்டும் என்பது. பணம் கொடுப்பவர் எத்தனை நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது அரைப் பக்கம். அதிலும் "இயன்றவரை" என்ற சொல் மூன்று முறை வருகிறது.

சென்ற மாதம் 4ஆம் தேதி காலை ஆறரை மணியளவில், மாடிக் குளியலறைச் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நான் உடனே தொட்டியின் வால்வை மூடினேன். அதற்குள் தண்ணீர் தளத்தின் வழியாக இறங்கி, கீழே நாங்கள் படுக்கும் அறையின் கூரைக்குள் போய்விட்டது. அந்தக் கூரை மரப்பலகை அடித்து அதன்மேல் பூச்சுப் பூசியது. அன்று காலை ஏழு மணிக்கு நான் எடுத்த புகைப்படத்தில் கூரை நேராக இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் ஈரம் தெரிகிறது. அதன் பிறகு ஒன்பது மணிக்கு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். பேசிய பெண், "எதையும் தொடாதீங்க சார். எங்க சர்வேயர் மூணு வேலைநாள்ல வந்துடுவாரு" என்றார். உரையாடல் பதிவாகிறது என்று முதலிலேயே அவர்கள் இயந்திரம் சொன்னது. அந்தப் பதிவைக் கேட்டு வாங்குமாறு இந்தக் காவல் நிலையத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்றே நாங்கள் படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டோம். அறையில் ஈரம் இறங்கும் பகுதியைச் சுற்றித் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டேன். கோட்டுக்குள் போகக் கூடாது என்று மனைவியிடம் சொன்னேன்.

7ஆம் தேதி வரை யாரும் வரவில்லை. அன்று மாலை மைத்துனர் இரண்டு முட்டுக் கட்டைகளோடு வந்தார். கூரை அப்போது தொப்பை போட்டிருந்தது. அவர் அண்ணாந்து பார்த்து, "அத்தான், இது நிறைமாசமா நிக்குது. ஒரு ஓட்டையப் போட்டுத் தண்ணிய வடிச்சிட்டு ரெண்டு கட்டையக் குடுத்துடறேன். அரை மணி நேர வேலை" என்றார். மதிப்பீட்டாளர் பார்த்த பிறகு செய்யலாம் என்றேன். "அவர் வந்து என்ன, பிரசவமா பாக்கப் போறாரு?" என்றார். ஆறாம் நிபந்தனையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்வையிடும் வரை சேதத்தை இருந்த நிலையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அதில் உள்ளது. அவர், "உங்களுக்குப் படிக்கத் தெரியும் அத்தான். கூரைக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டு, கட்டைகளைப் பின்வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்.

அதன் பிறகு 12ஆம் தேதி வரை பதினொரு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பேசியவர் வேறு. ஒவ்வொரு முறையும் புகார் எண்ணை முதலிலிருந்து சொன்னேன்.

ஆய்வாளர் அம்மா கேட்டதற்குச் சொல்கிறேன். பதினான்காம் நிபந்தனை எனக்குத் தெரியும். இன்சூரன்ஸ் இல்லாத ஒருவர் தன் வீட்டை எப்படிக் காப்பாற்றிக்கொள்வாரோ அப்படி, சேதம் மேலும் பெருகாமல் இருக்கத் தகுந்த நடவடிக்கைகளை உரிமையாளர் எடுக்க வேண்டும் என்பது அது. ஆறு தொடாதே என்கிறது, பதினான்கு காப்பாற்று என்கிறது. இரண்டில் எது முதலில் என்று நாற்பத்திரண்டு பக்கத்தில் எங்கும் இல்லை. ஆகவே நான் கேட்டேன். முட்டுக் கொடுக்க எழுத்துமூலம் அனுமதி தருமாறு, இரண்டு நிபந்தனைகளையும் எடுத்தெழுதி, 13ஆம் தேதி தபால் நிலையம் போய்ப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ரசீது இணைத்துள்ளேன். கிடங்கில் முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்படித்தான் வேலை நடந்தது. சீட்டு வந்தால் கதவு திறக்கும்.

19ஆம் தேதி மாலை தொலைபேசி வந்தது. மறுநாள் பத்து மணிக்கு மதிப்பீட்டாளர் வருவார் என்றார்கள்.

20ஆம் தேதி ஒன்பதரை மணிக்கே நான் தெருமுனைக்குப் போய் நின்றேன். எங்கள் தெருவில் கதவு எண்கள் வரிசையாக இருக்காது, அவர் வழி தெரியாமல் திரும்பிவிடக் கூடாது என்பதால். கிளம்பும்போது மனைவி கையில் துடைப்பம் இருந்தது. "வெளி ஆள் வர்றாங்க. வீடு இருக்கிற லட்சணத்தப் பாருங்க" என்றாள். பத்து மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. யாரோ ஜல்லி இறக்குகிறார்கள் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு பக்கத்து வீட்டுத் தையற்காரர் ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார்.

கோட்டுக்கு உள்ளே பாதி உடம்பும் வெளியே பாதி உடம்புமாக அவள் கிடந்தாள். துடைப்பம் கையில் இருந்தது. முகம் முழுக்க வெள்ளைத் தூள். பலகையை நானும் தையற்காரரும் தூக்கினோம். அதன் பிறகு ஆம்புலன்சும் மைத்துனரும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். ஆம்புலன்சில் மைத்துனர் ஏறினார். நான் ஏறவில்லை. மதிப்பீட்டாளர் வரவேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்தது.

அவர் பதினொன்றே காலுக்கு வந்தார். இளைஞர். ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். அறைக்குள் நின்று பல புகைப்படங்கள் எடுத்தார். அதன் பிறகு, விழாமல் நின்ற பகுதியில் வளையம் வளையமாக இருந்த கறையையும் பூசணத்தையும் காட்டி, "இது பல நாள் கசிவு மாதிரி இருக்கே ஐயா" என்றார். பல நாள்தான், பதினாறு நாள், உங்களுக்காகக் காத்திருந்த நாள் என்றேன். முதல் நாள் புகைப்படத்தைக் காட்டினேன். அவர் அதைத் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். என் மனைவியின் சிகிச்சைச் செலவு இதில் வருமா என்று கேட்டேன். எனக்கு விடை தெரியும், இருந்தாலும் அவர் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். இருபத்தொன்பதாம் பக்கத்தில், வீட்டினுள் காயமடையும் வெளியாருக்கு மட்டுமே இழப்பீடு என்று உள்ளது. அவர் தயங்கி, "குடும்பத்து ஆளுங்களுக்கு இல்லைங்க ஐயா. உங்க மச்சான் மேல விழுந்திருந்தாக்கூடப் பேசிப் பாக்கலாம்" என்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

22ஆம் தேதி என் கடிதத்துக்குப் பதில் வந்தது. அவசர முட்டுக் கொடுக்கலாம், தண்ணீரை வடிக்கலாம், செய்வதற்கு முன்பும் பின்பும் புகைப்படம் எடுத்து, அகற்றிய பலகைகளைப் பத்திரப்படுத்தினால் போதும், இதற்குத் தனி அனுமதி தேவையில்லை என்று ஐந்து வரி. பத்தொன்பது ஆண்டுகளில் அவர்கள் எனக்கு எழுதிய தெளிவான கடிதம் அது ஒன்றுதான். அதை எனக்கு 4ஆம் தேதி தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்.

இம்மாதம் 3ஆம் தேதி இழப்பீடு மறுக்கப்பட்ட கடிதம் வந்தது. காரணம் மூன்று. நாள்பட்ட கசிவு. சேதம் பெருகாமல் தடுக்க உரிமையாளர் தவறினார். பார்வையிட்டபோது சேதம் ஆரம்ப நிலையில் இல்லை. ஆறையும் பதினான்கையும் ஒருசேர மீறிவிட்டேன் என்று ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் மீது நான் கொடுத்த புகாரை இந்த நிலையம் இன்னும் பதிவு செய்யவில்லை. அதையும் இங்கே குறித்துக்கொள்ளுமாறு கோருகிறேன். பாலிசியைப் படித்தது என் குற்றம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மனைவி இப்போது மைத்துனர் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறாள். மைத்துனர் என்னை உள்ளே விடுவதில்லை. தினமும் நான்கு மணிக்குப் போய் வாசற்கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஜன்னல் வழியாக "சாப்டீங்களா?" என்று அவள் குரல் கேட்கும். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

இதன் பிறகு ஆய்வாளர் அம்மா என் மனைவி நேற்றுக் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். 7ஆம் தேதி முட்டுக் கொடுக்க வந்த தம்பியைத் தானே திருப்பி அனுப்பியதாகவும், தன் கணவர் அப்போது வீட்டில் இல்லை என்றும், தன் பிடிவாதத்தால் தனக்கு நேர்ந்தது என்றும், யார் மீதும் வழக்கு வேண்டாம் என்றும் அவள் சொல்லியிருக்கிறாள். கீழே வலது கைப் பெருவிரல் ரேகை இருக்கிறது. அவள் கையெழுத்துப் போடத் தெரிந்தவள். இடக்கைப் பழக்கம், முறிந்தது அந்தக் கை.

அது உண்மை அல்ல. 7ஆம் தேதி நான் வீட்டில் இருந்தேன். தெரிந்தே வேண்டாம் என்று சொன்னது நான்.

ஆய்வாளர் அம்மா எழுத்தரை நிறுத்தச் சொல்லிவிட்டு, "ஐயா, அவங்க உங்களக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா இது இன்னைக்கே முடிஞ்சிடும். உங்க மச்சான நான் பேசிச் சரிகட்டிக்கறேன்" என்றார். நான் எழுத்தரை எழுதச் சொன்னேன். நான் மேலே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. மைத்துனருக்கும் தெரியாது.

13ஆம் தேதி நான் தபால் நிலையம் போயிருந்த நேரத்தில், என் மனைவி பின்வாசலிலிருந்து ஒரு கட்டையைத் தனியாக இழுத்து வந்து, கூரையின் தொப்பைக்கு நேர் கீழே நிறுத்தியிருந்தாள். உயரம் போதாததால் அடியில் காய்கறி நறுக்கும் பலகையை வைத்திருந்தாள். அவளுக்கு அறுபத்தாறு வயது. கட்டை ஆளைவிட உயரம். எப்படி நிமிர்த்தினாள் என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை. கட்டை சரியாகவே நின்றது. கைவைத்துப் பார்த்தேன், ஆடவில்லை.

அதை நான் தெரிந்தே எடுத்துவிட்டேன். எடுத்துப் பின்வாசலில் வைத்தேன். தரையில் இழுத்த தடத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பலகையைக் கழுவிச் சமையலறையில் வைத்தேன். அவள் கதவருகே நின்று, "என்னங்க, இது பாலிசிக்குத் தெரியவா போகுது?" என்றாள். நான், "எனக்குத் தெரியுமில்ல" என்றேன். அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஏழு நாள் கழித்துக் கூரை விழுந்தது.

இப்படிச் சொன்னால் வழக்கு என்மீது நிலைத்துவிடும் என்று எனக்கு விளக்கப்பட்டது. விளங்கிக்கொண்டேன்.

மேலே உள்ள தாள்கள் ஆறையும் என் கண்ணாடியைப் போட்டு நானே படித்தேன். "கவனக்குறைவாக" என்று எழுத்தர் எழுதியிருந்த இரண்டு இடங்களில் அச்சொல்லை அடித்து, "தெரிந்தே" என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. என் மனைவியின் வாக்குமூலமும் இதுவும் எங்கெங்கு மாறுபடுகின்றனவோ, அங்கெல்லாம் அவள் சொன்னது பொய், நான் சொன்னது உண்மை.

(ஒப்பம்)