முப்பத்தோராம் பக்கத்தில் கோழிகள் இல்லை

உயிர்மருத்துவ ஆராய்ச்சி உலகம் உடனடியாக அறிந்துகொள்ள வேண்டிய மாபெரும் உண்மை ஒன்றைச் சகல மரியாதைகளுடன் இந்தக் காவல் நிலையத்தில் வைத்து வெளியிடுகிறேன்: கருத்தரங்கில் பேச வருகிறவர்களின் கல்வி, பணிக் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை.

பேசுகிறவர் மட்டும் படிப்பார். பெயருக்குப் பின்னால் பட்டம் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பார். அவர் மனைவி புகைப்படத்தைப் பார்ப்பார். மற்றவர்கள் வடைத் தட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். பதினெட்டு ஆண்டுகளாகக் கோவையில் மருத்துவ மாநாடுகளுக்குச் சிறப்பு மலர் தொகுத்துக் கொடுக்கும் மோகன்குமாராகிய நான் சொல்கிறேன், நீங்கள் நம்பலாம், இன்ஸ்பெக்டர் அம்மா.

தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பேச்சாளர்கள் தங்களைப் பற்றி ஒரு தாளில் எழுதி அனுப்புவார்கள். அதை மேடையில் வாசிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. பொன்னாடை போர்த்துவதற்கு முன் இரண்டு நிமிடம் வாசித்தாக வேண்டும். வெறும் உண்மை நாற்பது விநாடிக்கு மேல் தாங்காது. மகளின் பிரசவத்துக்காக டெக்சாஸில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவருக்கு "அமெரிக்காவில் ஆறு மாத கால அனுபவம் மிக்கவர்" என்று எழுதினேன். பொய்யில்லை. ஆய்வைப் பாதியில் விட்டவரை "முனைவர் பட்ட ஆய்வை மேற்கொண்டவர்" என்றேன். முடித்தார் என்று எங்கே சொன்னேன்? பாலக்காட்டிலிருந்து ஒருவர் வந்தால் அது தேசிய மாநாடு. ஷார்ஜாவிலிருந்து ஒருவர் ஜூமில் தலைகாட்டிவிட்டால் சர்வதேச மாநாடு.

போன தை மாதம் நடந்தது சர்வதேச மாநாடு. அதற்கு வந்த தாள்களிலேயே குட்டையானது டாக்டர் கிருபாசங்கருடையது. கால்நடை மருத்துவம் படித்தவர். பல்லடம் பக்கம் ஒரு கோழித்தீவன நிறுவனத்தில் பதினோரு ஆண்டு வேலை. சிறுநீரகம் கெட்டுப்போன நாலாயிரத்து இருநூறு பிராய்லர் கோழிகளுக்கு ஒரு மூலிகைப் பொடியைக் கொடுத்துப் பார்த்திருந்தார். அதைப் பற்றித்தான் பேச வந்தார். நேர்மையான மனிதர், அப்போது.

முன்பக்கத்தில் ஒரு இருதய நிபுணர், பின்பக்கத்தில் ஒரு மூளை நிபுணர். நடுவில் கோழிகளை வைத்தால் மலர் எடுபடுமா? கோழிகளை எடுத்துவிட்டு நோயாளிகளைப் போட்டேன். "நாலாயிரத்து இருநூறு சிறுநீரக நோயாளிகளுக்கு மூலிகைச் சிகிச்சை அளித்து ஆராய்ந்தவர்." எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.

காலையில் இதை வாசித்தபோது அரங்கம் நிறைந்திருந்தது; கைதட்டல் அடங்க நேரமானது. பிற்பகலில் அவர் கோழிகளைப் பற்றிப் பேசியபோது ஒன்பது பேர் இருந்தார்கள். மூவர் தூங்கினார்கள். அதற்கு முன், காலை இடைவேளையில் அவர் மலரை விரித்துக்கொண்டு என்னிடம் வந்திருந்தார்.

"ஏனுங்க மோகன்குமாரு, எங்கோழிய எங்கீங்க காணோம்?"

"மேடையில எதுக்குங்க டாக்டர் கோழி? மத்தியானம் எலையில வந்துருமுங்க."

சிரித்தார். தோளில் கிடந்த பொன்னாடையைத் தடவிக்கொண்டே சிரித்தார். அதன் பிறகு கோழிகளைப் பற்றி அவர் விசாரிக்கவே இல்லை.

சித்திரையில் ஆர்.எஸ்.புரத்தில் சிறுநீரக ஆலோசனை மையம் திறந்தார். அவர் நாற்காலிக்குப் பின்னால், மலரில் அவரைப் பற்றி நான் எழுதிய முப்பத்தோராம் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. வருகிறவர்களுக்கெல்லாம் நகல் கொடுத்தார். அடியில் என் பெயர், அலுவலக விலாசம். என் எழுத்துக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன் கிடைத்ததில்லை. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலை மாசாணம் என் அலுவலகத்துக்கு வந்தார். சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். கூடவே அவர் மனைவி பாவாத்தாள். பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாததால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வாரம் இரண்டு நாள் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்.

"ஏனுங்க சார், இத எழுதுனது நீங்கதானுங்களா?"

நகலை நீட்டினார். என் வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். நாலு தடவை படித்தாராம்.

"துணியில சந்தேகம்னா எங்க மொதலாளி ஏவாரியக் கேக்கமாட்டாருங்க. தறியில நெஞ்சவனக் கூப்புட்டுத்தான் கேப்பாரு. அதாங்க, எழுதுனவருகிட்டயே கேட்டுப்போடலாம்னு வந்தோம்."

"இந்தக் காயிதம் வந்ததுலிருந்து மனுசன் தூங்கறதில்லீங்க" என்றார் பாவாத்தாள். "ஊரெல்லாம் டாக்டருகிட்ட ரெண்டாவது அபிப்பிராயம் கேக்கும். இவரு பிரஸ்ஸுல கேக்கறாரு."

"நீ சும்மா இரு புள்ள."

விஷயம் இதுதான். மெஷினும் பொடியும் ஒத்துப்போகாது, பொடி வேலை செய்ய வேண்டுமென்றால் மெஷினை விட்டுவிட வேண்டும் என்று கிருபாசங்கர் சொல்லியிருந்தார். விட்டால் உயிருக்கு ஆபத்து என்று ஆஸ்பத்திரி நர்ஸ் அன்புக்கரசி சண்டையே போட்டிருந்தார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், இருவருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார் மாசாணம்.

"நாலாயிரத்து எரநூறு பேருன்னு போட்டிருக்குதுங்களே. நெசமுங்களா?"

கிருபாசங்கர் அனுப்பிய தாள் என் மேசை இழுப்பறையில், முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பதினெட்டு ஆண்டுகளில் எனக்கு வாய்த்த ஒரே வாசகர் அவர். பென்சிலால் கோடு போட்டுப் படித்தவர். அவர் முகத்துக்கு நேராக என் வாக்கியத்தைப் பொய் என்று நானே எப்படிச் சொல்வது?

"அச்சுலயே வந்திருக்குதுல்லீங்க" என்றேன்.

மாசாணம் நிம்மதியாக மூச்சு விட்டார். நான் இழுப்பறையைத் திறந்து, அந்தத் தாளின் மேல் கிடந்த புதிய மலர் ஒன்றை எடுத்தேன். முப்பத்தோராம் பக்கத்தைப் பிரித்து, "பாவாத்தாள் அவர்களுக்கு, நலம்பெற வாழ்த்துகளுடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"வாரேனுங்க சார். காலு வத்திப்போச்சுன்னா செருப்புப் போட்டுட்டு வந்து காட்டறனுங்க."

மெஷினுக்குப் போகாமல் பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார்.

மாசாணம் உங்களிடம் ஒப்படைத்திருக்கும் மலரில் இருப்பது என் கையெழுத்துதான், மறுக்கவில்லை. நேற்று நீங்கள் கைது செய்த டாக்டர், எல்லாவற்றையும் தொடங்கிவைத்தது நான்தான் என்கிறாராம். பொன்னாடை வாங்கும்போது அது தெரியவில்லை போலிருக்கிறது. அன்புக்கரசி இதைக் கொலை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆத்திரத்தில் எழுதுகிறவர்கள் சொற்களை அளந்து போடுவதில்லை. நான் யாருக்கும் பொடி கொடுக்கவில்லை. மெஷினை நிறுத்து என்று சொல்லவும் இல்லை. தேடி வந்த ஒரு வாசகரின் நம்பிக்கையைக் கெடுக்காமல் அனுப்பி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்பதற்குப் பதில்: ஆமாம், டாக்டர் அனுப்பிய அந்தத் தாளை முழுவதும் படித்திருந்தேன். பாவாத்தாள் என் எதிரில் உட்கார்ந்திருந்தபோதும் அது எனக்கு வரி வரியாக நினைவிருந்தது. கடைசியில் ஆய்வின் முடிவு என்று ஒரு வரி இருந்தது. மேடையில் வாசித்தால் கைதட்டல் வராது என்று அதை எடுத்துவிட்டேன்.

கோழிகள் பிழைக்கவில்லை.