கடைசிப் பாகத்தின் விலை

முதல் பாகத்தைச் சும்மாதான் கொடுக்க வேண்டும், சார். எழுதுகிறவர்கள் யாரும் இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை. என் தங்கை லிஷாவும் ஒப்புக்கொள்ளவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து எழுதியதை இனாமாகக் கொடுப்பதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குப் புரிய வைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

நீங்கள் மலையாளத்தில் கேட்டீர்கள். நான் தமிழிலேயே சொல்கிறேன். பாறசாலைக்காரன் பேசுகிற தமிழ் உங்களுக்குப் புரியும்.

பூவாரில் படகுச் சவாரிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். கார்க் கதவு திறந்ததும் ஒரு இளநீரை வெட்டிக் கையில் கொடுப்பேன். காசு வேண்டாம் என்பேன். ஓசி இளநீரைக் குடித்துவிட்டுப் படகில் ஏறாமல் போகிற தைரியம் எந்தச் சுற்றுலாக்காரனுக்கும் கிடையாது. ஏறின பிறகு, ஆறு கடலில் சேருகிற பொழிமுகம் வரைக்கும் போக வேறு ரேட் என்று பாதி ஆற்றில் வைத்துச் சொல்வேன். அங்கே யார் பேரம் பேசுவார்கள்? புத்தகம் வாங்குகிறவனும் அதே ஜாதிதான். முதல் பாகம் சும்மா, இரண்டாவது நாற்பத்தொன்பது, மூன்றாவதிலிருந்து நூற்று நாற்பத்தொன்பது. இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

லிஷாவுக்குச் சின்ன வயசிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கிவிட்டது, ஆனாலும் அம்மா அவளை வேலைக்கு அனுப்பவில்லை. வீட்டில் உட்கார்ந்து கதை எழுதினாள். பொழியூரில் கடல் கொண்டுபோன வீடுகளெல்லாம் கடலுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன, அவற்றைச் சுற்றி ஒரு கோட்டை, அதற்கு ஒரு அரசி. 'ஆழிக்கோட்டை' என்று பெயர். ஏழு பாகம். நான் முழுதாகப் படித்ததில்லை. மீனோடு பேசுகிற கதையைப் படிக்க எனக்கு நேரம் கிடையாது. ஆனால் அதை இணையக் கடையில் ஏற்றியது நான், அட்டை போட்டது நான், அவள் பெயரில் கணக்குத் திறந்து வாசகர்களோடு பேசியதும் நான். ஆரம்பத்தில் எவனோ ஒருவன், "குழந்தைத்தனம்" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டான். அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதிலிருந்து அந்தப் பக்கமே அவள் பார்ப்பதில்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

வாசகர்கள் எழுதுவதைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். "அக்கா, அரசி எங்கள் வீட்டுக்கு வருவாளா?" "சேச்சி, நான் அழுதுவிட்டேன்." அழுகிறவர்கள் நூற்று நாற்பத்தொன்பது கொடுக்க மட்டும் யோசிப்பார்கள். நாலாவது பாகத்தில் விற்பனை படுத்துவிட்டது.

அந்தச் சமயத்தில் எங்கள் சபை வாட்ஸப்பில் ஒன்றைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை அனுப்பினால் ஒருத்தரும் தொட மாட்டார்கள். இன்னாருக்குத் தீனம், உடம்புக்கு முடியவில்லை, ஜெபியுங்கள் என்று போட்டால் போதும், எல்லாரும் ஓடி வருவார்கள். அடுத்தவன் சாவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதில் ஜனங்களுக்கு அப்படி ஒரு பக்தி. நான் லிஷா பெயரில் நாலு வரி எழுதினேன். எனக்கு இதயத்தில் கோளாறு, ஏழாம் பாகத்தை முடிக்கக் கர்த்தர் நாள் தருவாரா தெரியாது. அவ்வளவுதான். நாலாவதும் ஐந்தாவதும் ஆறாவதும் சேர்ந்து ஓடின. ஒற்றை நட்சத்திரக்காரன்கூட வந்து மன்னிப்புக் கேட்டு ஐந்து போட்டான்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த ஆர்யா வந்துதான் கெடுத்தாள்.

நெய்யாற்றின்கரைக்காரி, பல் டாக்டருக்குப் படிக்கிறவள். வீட்டில் தமிழ் பேசுவார்களாம். யாரையோ விசாரித்து, ஸ்கூட்டரில் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் இலைப் பொட்டலத்தில் பிரசாதம். லிஷா அப்போது வாசலில் உட்கார்ந்து மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சேச்சி, இப்படி இருந்து வேலை செய்யலாமா? டாக்டர் சம்மதிச்சாரா?"

"எனக்கு என்ன மக்கா? நான் நல்லா இருக்கேனே."

அந்தப் பெண் போனை எடுத்துக் காட்டினாள். லிஷா கையைக் கழுவிவிட்டு வந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுக்கு வந்த பிரார்த்தனைகள், அவள் சொன்னதாக நான் எழுதிய நன்றிகள், எல்லாம். ஆர்யாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

"எனக்கு நெஞ்சுல தீனம்னு எழுதினது நீயாண்ணே?"

"விளம்பரம் ஆக்கும். எல்லாரும் செய்யதுதான்."

"அந்தப் பிள்ளை எனக்கு வேண்டி விரதம் இருக்குதாம்."

"ஆரு இருக்கச் சொன்னா?"

அவள் சத்தம் போடவில்லை. "ஏழாம் பாகம் எழுதித் தீந்தாச்சு. அதைச் சும்மா போடணும். மத்த ஆறையும் சும்மா போடணும். நான் வீடியோவுல வந்து, எனக்குத் தீனம் ஒண்ணும் இல்ல, மாப்பு தரணும், மன்னிக்கணும்னு சொல்லுவேன்" என்றாள்.

"செரி. நானே எடுத்துத் தாறேன். கொஞ்சம் பொறு."

"ஒனக்கு என்மேல கோவம் உண்டாண்ணே?"

இல்லை என்றேன். உண்மையாகவே இல்லை. கோபத்தில் செய்ததாக நீங்கள் எழுதினால் அது தப்பு.

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்த வீடியோ வெளியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விரதம் இருந்த அதே கூட்டம் அவளைக் கடித்துத் துப்பியிருக்கும். ஒற்றை நட்சத்திரத்துக்கே சோறு இறங்காதவள் அதைத் தாங்குவாளா? அந்த ஜனங்கள் ஒரு சாவுக்குத் தயாராகி, அழுகையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கொடுக்காமல் விட்டால் சும்மா விட மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை ஏழாம் பாகத்தைத் திறந்தேன். கடைசி இரண்டு அத்தியாயத்தில் அரசி கோட்டைக் கதவைத் திறந்துவிடுகிறாள், ஜனங்களெல்லாம் கரையேறி அவரவர் வீட்டுக்குப் போகிறார்கள், சோறு வைக்கிறார்கள். இரண்டையும் அழித்தேன். கதவில் அரசி கை வைக்கிற இடத்தில், ஒரு வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினேன். முடிந்த கதையைவிட முடியாத கதைக்கு மதிப்பு அதிகம். கறுப்பு வெள்ளையில் புது அட்டை போட்டு, அவள் படத்துக்குக் கீழே பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் வைத்தேன். சும்மா கொடுக்கிற முதல் பாகம் தவிர எல்லாவற்றுக்கும் நாற்பத்தொன்பது. துக்கத்தில் இருப்பவன் விலை பார்க்க மாட்டான் என்று நினைக்காதீர்கள், நன்றாகப் பார்ப்பான். முதலில் குறைத்துக் கொடுத்து எல்லாரையும் உள்ளே இழுத்துவிட்டு அப்புறம் ஏற்ற வேண்டும். கடையில் மாற்றம் ஏற எப்படியும் மூன்று நாள் ஆகும். அதைக் கணக்கு வைத்துத்தான் அன்றைக்கே அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலையில் அவளைப் பூவாருக்குக் கூட்டிப் போனேன். ஆற்றில் வைத்து வீடியோ எடுத்தால் அழகாக இருக்கும் என்றேன். பாலராமபுரம் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்தாள். தெரிந்தவனிடம் ஒரு சின்னப் படகை இரவல் வாங்கி நானே ஓட்டினேன். மிதவைச் சட்டை போட்டிருந்தாள். சேலையை மறைக்கிறது என்றேன், கழற்றிவிட்டாள். பொழிக்குப் பக்கத்தில் போனை நீட்டினேன்.

"என் பேரு லிஷா. எனக்குத் தீனம் ஒண்ணும் இல்ல. நீங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு, "செரியா சொன்னேனாண்ணே?" என்று கேட்டாள்.

நன்றாகச் சொன்னாய் என்றேன். அதை அழித்துவிட்டுப் படகைச் சாய்த்தேன்.

வலிப்பில் விழுந்தாள் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். வலிப்பு வரவில்லை. அவள் முழு நினைவோடுதான் விழுந்தாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கை தா" என்றாள். நான் சறுக்கிவிட்டேன் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும், ஏனென்றால் முகத்தில் பயம் இருந்ததே தவிர வேறொன்றும் இல்லை. நான் அவள் விரல்களை விளிம்பிலிருந்து எடுத்துவிட்டேன். அதிகம் கஷ்டப்படவில்லை. பொழியில் இழுப்பு பலம்.

அடக்கத்துக்கு ஜனம் நிறைய வந்தது. அம்மா மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூடத்தானே மக்கா இருந்தே, நீ கூடத்தானே இருந்தே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வயசானால் சொன்னதையே சொல்வார்கள். வாசகர்களைச் சொல்லவே வேண்டாம். பாதியில் நின்ற வாக்கியத்துக்கு ஆயிரம் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். அரசி கதவைத் திறக்காமல் போனதுதான் உலக இலக்கியம் என்று ஒரு பேராசிரியர் எழுதினார்.

கடை இந்தத் தடவை மூன்று நாள் எடுக்கவில்லை. புதன்கிழமையே அட்டையை ஏற்றிவிட்டது. அதை ஆர்யா பார்த்திருக்கிறாள். லிஷாவின் கணக்குக்கு, "சேச்சி, அட்டையில் ஏன் இப்படிப் போட்டிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அன்றைக்கே எழுதியிருக்கிறாள். வாசகர் எழுதுவதை நான் தினமும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவு பொறுமை எனக்குக் கிடையாது. அடக்கம் முடிந்ததும் அவள் நேராக உங்களிடம் வந்துவிட்டாள். ஓசியில் முதல் பாகம் படித்து உள்ளே வந்த பெண். அவளை நான் பெரிதாக எண்ணவில்லை.

இதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கையை ஆற்றில் தள்ளிக் கொன்றது நான்தான். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள் சார். என் போனை ஒரு ஐந்து நிமிஷம் தாருங்கள், நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும், ஜனம் தேடிக்கொண்டு வரும். இந்த நேரத்தில் அவள் புத்தகத்தை நாற்பத்தொன்பதில் விட்டு வைத்தால், அது அவளுக்கு நான் செய்கிற துரோகம்.