வேருக்குள்ள இருந்த கூட்டம்

பெத்தவங்களே... இந்த இடத்துல ஒரு குட்டிக் கதை சொல்லிக்கிறேன். கடிகாரத்தப் பாக்காதீங்க, சீக்கிரம் விட்டுடுவேன்.

மன்னார்குடிப் பக்கம் ஞானசேகரன்னு ஒருத்தர். தொட்டதுக்கெல்லாம் கோவம் வரும். அவர் வீட்டுக் கொல்லையில ஒரு சின்னக் குளம். சம்சாரம் கோமளவல்லி அதுல கெண்டை வளக்குறாங்க. அந்தம்மாவுக்கு ஒரே ஆசை... தன் மீனு குஞ்சு பொரிச்சு ஒரு தடவ பாத்துடணும். மழைக்காலம் வந்துச்சு, போச்சு. ஒரு குஞ்சு கண்ணுல படல.

இதுக்கு நடுவுல அந்தம்மா ஒரு காரியம் பண்ணாங்க. வாய்க்கால்ல ஆகாயத்தாமரை பூத்துக் கெடந்துச்சு. ஊதாப் பூ, அழகா இருக்கேன்னு ஒரே ஒரு செடிய எடுத்தாந்து குளத்துல விட்டாங்க. அது சும்மா இருக்குமா? இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்கும்! தண்ணியே தெரியாம மூடிடுச்சு. விடிஞ்சா மீனெல்லாம் கெடைச்ச சந்துல வாயப் பொளந்து மூச்சுக்குத் தவிக்குது.

நம்மாளு வேட்டிய மடிச்சுக் கட்டி எறங்கிட்டாரு. "ஒரு வேர் மிச்சம் வெக்க மாட்டேன்!" புடுங்குறாரு... புடுங்குறாரு... மதிலுக்கு அந்தாண்ட வெயில்ல வீசுறாரு. கடைசியில இடுப்பு புடிச்சிக்கிச்சு. கையில இருந்தத கரையிலயே பொத்துன்னு போட்டுட்டு உக்காந்துட்டாரு.

குவியல் அசையுது!

"கோமளா! பாம்பு! கம்பெடுத்துக்கிட்டு வா!"

அந்தம்மா ஓடி வந்து குனிஞ்சு பாக்குறாங்க... கம்பு கையிலேருந்து நழுவுது. "என்னங்க... பாம்பு இல்லங்க. இங்க வாங்களேன்."

கறுத்த வேருக்குள்ளேருந்து ஒரு நத்தை வருது. பின்னாடியே ரெக்கை மொளைக்காத தட்டாம்பூச்சிக் குஞ்சு, நடந்து வருது. பெறகு... அரிசி நீளத்துக்கு மீன் குஞ்சு! துள்ளுது, விழுது, மறுபடி துள்ளுது, தண்ணியில எறங்குது. ஒண்ணா ரெண்டா? அத்தனையும் ஒரே பக்கமா போகுதுங்க. தண்ணி இந்தப் பக்கம்னு அதுங்களுக்கு யாருய்யா சொன்னா? சொல்லுங்க, யாரு சொன்னா? இப்ப சொல்றப்பவும் எனக்கு மேலு சிலிர்க்குது.

கோமளவல்லி அழுறாங்க. "நான் காத்துக்கிட்டிருந்ததெல்லாம் இதுக்குள்ளதாங்க இருந்துருக்கு..."

அவரு பட்டுன்னு மதிலத் திரும்பிப் பாத்தாரு. "ஐயோ... அந்தாண்ட வீசிட்டேனே!"

இடுப்பு வலி எங்க போச்சோ, மதிலேறிக் குதிச்சாரு. மேல கெடந்ததெல்லாம் காஞ்சு போச்சு. அடியில ஈரம் இருந்தத மாரோட அணைச்சுத் தூக்கியாந்து, பச்சப் புள்ளைய எறக்குற மாதிரி தண்ணி ஓரத்துல எறக்கினாரு. பொழைச்சது பொழைச்சுது. போனது போனதுதான்...

இன்னிக்கும் அவரு செடியப் புடுங்குறாரு. ஆனா ஒரு மூலையில கொஞ்சம் விட்டு வெக்கிறாரு. புடுங்கினதயும் கரையோரமா வெச்சு, பக்கத்துலயே உக்காந்துக்குறாரு.

இப்ப உங்களக் கேக்குறேன். நம்ம புள்ளைங்ககிட்ட வேண்டாதது வளராமயா இருக்கும்? செல்போனு, சேரக் கூடாத சேர்க்கை, எதுத்துப் பேச்சு... புடுங்கத்தான் வேணும். விட்டா மூச்சு முட்டிடும். ஆனா கோவத்துல மதிலுக்கு அந்தாண்ட வீசிடாதீங்க சாமி. நீங்க இத்தனை நாளா எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்களோ, அதுவும் அந்த வேருக்குள்ளதான் இருக்கு. தண்ணி ஓரமா வெச்சுட்டுக் கொஞ்ச நேரம் உக்காருங்க... வழி அதுக்குத் தெரியும்.