நூறு கார்டுக்குக் கவர்

அந்தக் கார்டு கவர் வேணாம் சார், கீழ வெச்சிடுங்க. பாக்க நல்லாத்தான் இருக்கும், டிராகன் படம், பளபளப்பு எல்லாம். நம்ம செபு ஊரு வேர்வைக்கு ரெண்டே ஆட்டத்துல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நூறு கார்டு கட்டு வெச்சு ஆடறவங்களுக்கு ஆகவே ஆகாது. நீங்க கலைச்சு முடிக்கறதுக்குள்ள எதிராளி ஒரு தூக்கம் போட்டு எழுந்துடுவான்.

நீங்க போட்டி நடுவர், உங்களுக்குத் தெரியாததா. ஆனா விதி உங்களுக்குத் தெரியும்னா, கவர் எனக்குத் தெரியும். ஆறு வருஷமா இதே கவுண்ட்டர்தான் சார்.

ஒவ்வொரு கார்டுக்கும் ரெண்டடுக்காவா? போடலாம். உள்ள இறுக்கமா ஒண்ணத் தலைகீழாப் போட்டு, மேல இன்னொண்ணு. மழைக் காலத்துல ஈரம் எறங்காது, கார்டு வளையாது. ஆனா நூறுக்கும் போட்டீங்கன்னா கட்டு செங்கல் மாதிரி ஆயிடும். உங்க கை பெரிய கை, சமாளிச்சிடுவீங்க. எனக்கெல்லாம் பாதி கீழ கொட்டிடும்.

இந்தாங்க, இதான் சரி. கருப்பு, முதுகுல லேசா சொரசொரப்பு. ஒரு பாக்கெட்டுக்கு அறுபது, அப்ப உங்களுக்கு ரெண்டு வேணும். இருங்க இருங்க, கைக்கு வந்த ரெண்ட எடுக்காதீங்க. பாக்கெட் அடியில நம்பர் பாருங்க. இது ஒரு தடவ அடிச்ச சரக்கு, அது வேற தடவ அடிச்சது. கடைக்குள்ள பாத்தா ரெண்டும் ஒரே கருப்புதான். வாசல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. தெரியுதா? இதுல லேசா நீலம் ஓடுது பாருங்க.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க. எனக்கும் அவன் ஞாபகம்தான். மார்லோதான்.

இல்ல, வர்றதில்ல. மார்ச் மாசப் போட்டிக்கு அப்புறம் இந்தக் கடை வாசல அவன் மிதிக்கவே இல்ல. அவங்க அம்மா பின்தெருவுல பன்றிக்கறி சுட்டு விக்கறாங்கல்ல, அங்கதான் அடுப்ப விசிறிக்கிட்டு உக்காந்திருக்கான். நம்ம பசங்க அங்க சாப்பிடப் போனா, கார்டுத் திருடன் உக்காந்திருக்கான், சில்லறைய எண்ணி வாங்குங்கடான்னு சத்தமா சொல்லுவானுங்க. அவன் கறியத் திருப்பிப் போட்டுக்கிட்டே இருப்பானாம். நான் பாத்ததில்ல சார், எனக்குச் சொன்னாங்க. நான் அந்தத் தெரு வழியாவே போறதில்ல.

சேச்சே, உங்களத் தப்பு சொல்லல. அன்னிக்குப் போட்டியில அவனோட நூறு கார்டையும் கவுத்துப் போட்டு, நிறம் பாத்து ரெண்டாப் பிரிச்சீங்க. ஒரு குவியல்ல நாப்பது. திருப்பினா நாப்பதும் நிலம் கார்டு. நிலம் இல்லாம இந்த ஆட்டத்துல ஒரு சுண்டெலியக்கூட எறக்க முடியாது. அடுத்து வரப்போறது நிலமா இல்லையான்னு முதுகப் பாத்தே ஒருத்தன் சொல்ல முடியும்னா அது ஆட்டமே இல்ல. யார் நடுவரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க. கள்ள ஆட்டம், ரெண்டு வருஷத் தடை.

ஆனா திருட்டுத்தனமே இல்லாம இது நடக்கும் சார். வீட்ல கார்ட வகைவகையாத்தான அடுக்கி வெச்சிருப்போம்? அப்படியே வரிசையா எடுத்துக் கவர் போட்டா, முதல் பாக்கெட் அறுபதும் வீரன், மந்திரம்னு தீந்துடும். ரெண்டாவதப் பிரிக்கறப்ப மிச்சம் நிக்கறது நிலம்தான். அதுக்குத்தான் முதல்ல கார்டக் கலைச்சுக்கணும், ரெண்டு பாக்கெட் கவரையும் ஒண்ணாக் கலந்துக்கணும். புதுசா வர்ற பொடிசுகளுக்குக்கூட நான் இத சொல்லாம பாக்கெட்டக் குடுக்கறதில்ல.

ஆமா சார். அவன வெளிய அனுப்பினதும் கடைசிச் சுற்று எட்டுப் பேர்ல ஒரு எடம் காலி. ஒன்பதாவது ஆளுன்னு மைக்ல என்னைக் கூப்பிட்டீங்களே, ரோடெல் அபெல்யானான்னு. கை தட்டினாங்க. நானும் போய் உக்காந்தேன். அந்த நாற்காலில அவன் சூடு இருந்துச்சு சார். அந்த எடத்தாலதான் அடுத்த மாசம் பாங்காக் போட்டி, டிக்கெட் எல்லாம் வந்தாச்சு. நேத்து அவங்க அம்மா நாலு குச்சி கறியும் ஓலையில கட்டுன சோறும் குடுத்தனுப்பினாங்க. வெளிநாடு போற பையன், ஒடம்பத் தேத்திக்கணுமாம். பிரிக்கவே இல்ல. அப்படியே நாய்க்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமையோட அவனோட மேல்மனு தேதி முடியுதாமே? புதுசா யாராவது ஏதாவது சொன்னாதான் திரும்ப விசாரிப்பாங்கன்னு நீங்க சொன்னதாக் கேள்விப்பட்டேன். அப்படித்தானா? அப்ப கவர் இருக்கட்டும் சார், ஒரு நிமிஷம் உக்காருங்க.

அன்னிக்கு அவன்கிட்ட, கவர் போட்டது நீயான்னு கேட்டீங்க. அவன் கூட்டத்துல என்னைத் தேடிப் பாத்தான். அப்புறம் ஆமான்னு சொன்னான். பொய் சார் அது. முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், இதே கவுண்ட்டர்ல வெச்சு, நூறுக்கும் கவர் போட்டது நான். பழைய கவர் கிழிஞ்சிருந்துது. போட்டு வைடா, அம்மாவுக்குக் கரி மூட்டைய எடுத்துக் குடுத்துட்டு வர்றேன்னு கட்டக் குடுத்துட்டுப் போனான். கடையில பழைய சரக்குல ஒரே பாக்கெட் மிச்சம், இன்னொண்ணு புதுசு. என் பேரச் சொன்னா எனக்கு வேலை போயிடும்னு நெனச்சிருக்கான். நான் கவனிக்காம செஞ்சிட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் நம்பிக்கிட்டிருக்கான் சார் அந்த மடையன்.

கவனிக்காமத்தான் ஆரம்பிச்சேன். சத்தியமா. ரெண்டாவது பாக்கெட்ல பாதி தாண்டினப்ப வாசல் வெயில் மேசைல விழுந்துச்சு, பளிச்சுன்னு தெரிஞ்சுது. எல்லாத்தையும் கழட்டிக் கலைச்சுப் போட அரை மணி நேரம் ஆயிருக்கும். கடையில ஆளே இல்ல, நேரம் நெறைய இருந்துச்சு. நான் மிச்சத்தையும் போட்டு முடிச்சேன் சார். அவன் வந்ததும் கட்டக் கையில குடுத்து, ஜெயிச்சிட்டு வாடான்னு முதுகுல தட்டி அனுப்பினேன்.